கணக்குக் கேட்கப்படாத தச்சர்கள்



சபையிலே சாட்சி நேரத்தில் நாம் அடிக்கடி கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு: "கர்த்தர் என்னைத் தொழிலில் உயர்த்தினார்." அதைக் கேட்டவுடனே நாம் அல்லேலூயா சொல்லுகிறோம். சொல்ல வேண்டியதுதான். நமக்கு எந்த நன்மையும் அவராலேயன்றி வருவதில்லை. ஆனால் தச்சு வேலையில் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிற எனக்கு ஒரு கேள்வி உள்ளத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எதை நாம் உயர்வு என்கிறோம்? கையாளாக வந்தவன் ஆசாரியாகி, ஆசாரி மேஸ்திரியாகி, மேஸ்திரி காண்ட்ராக்டராகி, சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டால் அது உயர்வா? அதே வழியில் அவிசுவாசியும் தானே ஏறிப் போகிறான்? அப்படியானால் தேவபிள்ளையின் உயர்வுக்கு அடையாளம் என்ன?

இந்தக் கேள்வியை எழுத வைத்தது நம்முடைய வாலிபத் தம்பி ஒருவர். உபவாச ஜெபம் முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நான் இப்போ தனியா வேலை எடுத்துச் செய்யுதேன். வீட்டுக்காரரைப் பிளைவுட் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். மறுநாள் கடைக்காரர் என்னை மட்டும் கூப்பிட்டு ஒரு கவர் குடுத்தாரு. வாங்கலாமா? எல்லாரும் இது சகஜம்னு சொல்லுதாங்க" என்றார். "தம்பி, இதுக்கு ஒரு வரியில பதில் சொன்னா போதாது, எழுதியே தாறேன்" என்றேன். அவருக்கு மட்டுமல்ல, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும், வீடு கட்டுகிற எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேதத்தில் ஒரு மராமத்து வேலை

2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். யோவாஸ் ராஜாவின் நாட்களில் தேவாலயம் பழுதுபட்டுக் கிடந்தது. பழுது பார்க்கும்படி ராஜா ஆசாரியர்களிடம் சொல்லியிருந்தான். அவனுடைய 23-ஆம் வருஷமாகியும் வேலை நடக்கவில்லை. அப்பொழுது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதின் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் வந்து எண்ணினார்கள். எண்ணின பணம் வேலையை நடத்துகிறவர்கள் கையில் போயிற்று. அவர்கள் அதைத் தச்சருக்கும் சிற்பிகளுக்கும் கொத்தருக்கும் கொடுத்தார்கள். மரமும் கல்லும் வாங்கினார்கள்.

இப்பொழுது கவனியுங்கள். காணிக்கை வருகிற வழியில் மூடி போட்ட பெட்டி வேண்டியதாயிருந்தது, இரண்டு பேர் கூட இருந்து எண்ண வேண்டியதாயிருந்தது. ஆனால் கூலி கொடுக்கவும் மரம் வாங்கவும் பணத்தைக் கையில் வாங்கின அந்த மேற்பார்வைக்காரரிடத்தில் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. ஏன்? அவர்கள் உண்மையுள்ளவர்களாய் நடந்தார்கள் என்று வேதமே காரணம் சொல்லுகிறது (2 இராஜா. 12:15). யோசியா ராஜாவின் நாட்களில் ஆலயத்தை மறுபடியும் பழுது பார்த்தபோதும் இதே காரியம் எழுதப்பட்டிருக்கிறது (2 இராஜா. 22:5-7).

பிரியமானவர்களே, அந்த மனுஷருடைய பெயர் யோவாஸின் சரித்திரத்தில் இல்லை. அவர்களுக்கு எத்தனை வீடு இருந்தது, எவ்வளவு சம்பாதித்தார்கள் என்றும் இல்லை. பரிசுத்த ஆவியானவர் எழுதி வைக்கத் தகுந்ததாகக் கண்டது ஒன்றே: இவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. தச்சு வேலையில் ஒரு மனுஷன் ஏறக்கூடிய உச்சி இதுதான் என்று நான் விசுவாசிக்கிறேன். அந்த உச்சிக்குப் போகிற படிகளை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதல் படி: அடுத்தவன் உளி

நான் 1991-ல் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மரச்சுருள் கூட்டினேன், மரம் பிடித்தேன், டீ வாங்கி வந்தேன், உளி தீட்டினேன். உளி தீட்டுவதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எண்ணெய்க்கல்லில் சாய்வு மாறாமல் தீட்ட வேண்டும். கை ஆடினால் முனை உருண்டுவிடும். தீட்டத் தெரியாதவனுக்கு இழைக்கத் தெரியாது, இழைக்கத் தெரியாதவனுக்கு மட்டம் வராது.

அந்த நாட்களில் கையாளிடம் சொந்தமாக ஒன்றும் இருக்காது. இழைப்புளி, கொட்டாப்புளி, ரம்பம், மூலமட்டம் எல்லாம் மேஸ்திரியுடையது. இங்கேதான் முதல் பரீட்சை. யோர்தான் கரையில் மரம் வெட்டினபோது கோடரி தண்ணீரில் விழுந்ததே, நினைவிருக்கிறதா? (2 இராஜா. 6:1-7). அந்தத் தீர்க்கதரிசியின் புத்திரன் கலங்கினது வேலை நின்றுபோயிற்றே என்றல்ல, அது இரவல் வாங்கினதாயிற்றே என்றுதான். ஒரு இரவல் கோடரிக்காக தேவன் இரும்பையே மிதக்கப் பண்ணினார். அடுத்தவன் பொருள் நம் கையில் இருக்கும்போது கலங்குகிற மனசாட்சி கர்த்தருக்கு எவ்வளவு பிரியமானது பாருங்கள்!

தொழிலுக்குப் புதிதாய் வருகிற தம்பிமாரே, தீட்டத் தந்த உளியின் முனை போய்விட்டால் பெட்டிக்குள் மறைத்து வைக்காதே. "அண்ணே, முனை போயிட்டு" என்று சொல்லிவிடு. திட்டு விழும். ஆனால் மறுநாள் அந்த மேஸ்திரி தன்னுடைய நல்ல உளியையும் உன் கையில் தருவார். ஐ.டி.ஐ.யில் மரவேலை படித்துவிட்டும் வரலாம். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி உதவித்தொகையோடு பயிற்சி பெறவும் வழி உண்டு. எந்த வழியாய் வந்தாலும் முதல் படி இதுதான்.

இரண்டாம் படி: மரக் கணக்கு

இரண்டு மூன்று வருஷத்தில் துளை போடவும் கழுந்து இறக்கவும் கை பழகிவிடும். எட்டு நூல் ஒரு அங்குலம் என்பது கண்ணிலேயே பதிந்துவிடும். ஒரு நூல் தளர்ந்தால் கழுந்து ஆடும், ஒரு நூல் இறுகினால் சட்டம் பிளக்கும். அடுத்து வருகிறது மரக் கணக்கு. இங்கே இரண்டாம் பரீட்சை.

அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுத்து, நீளத்தை அடியில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. நான்குக்கு மூன்று அங்குலத்தில் ஒரு தலைவாசல் நிலை என்று வைத்துக்கொள்வோம். நிற்கிற கால் இரண்டும் ஏழடி, மேலும் கீழும் மூன்றரை அடி. மொத்தம் 21 அடி. நாலு மூணு பன்னிரண்டு, பன்னிரண்டு தரம் இருபத்தொன்று 252, அதை 144-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் கன அடி. இதோடு அறுப்பிலும் இழைப்பிலும் போகிற சேதாரம் உண்டு, அதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

ஆனால் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. இரண்டரை என்று சொன்னால் இரண்டரைக்குத் தருவார். மிச்ச மரத்தில் ஒரு ஸ்டூல் செய்து விற்றாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. பையில் இரண்டு விதமான நிறைகல் வைத்திருக்கக் கூடாது என்று உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கட்டளையிட்டது மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதிருங்கள். தெரிந்தவரிடம் ஒரு அளவு, தெரியாதவரிடம் ஒரு அளவு என்றால் அதுவும் இரண்டு நிறைகல்தான். நான் பழகின வழக்கம் ஒன்று சொல்லுகிறேன். கணக்கை ஒரு தாளில் எழுதி, சேதாரம் இவ்வளவு என்று தனியே காட்டி, வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். மிஞ்சின துண்டு மரத்தை ஒரு மூலையில் அடுக்கி, "இது உங்களுடையது" என்று சொல்லிவிட்டு வருவேன். "அடுப்பெரிக்க நீங்களே எடுத்துக்கோங்க" என்று பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்பொழுது எடுத்தால் அது அவர்கள் மனதாரத் தந்த ஈவு.

மூன்றாம் படி: கடைக்காரர் தருகிற கவர்

இப்பொழுது தம்பியின் கேள்விக்கு வருவோம். மேஸ்திரியாகி, தனியே வேலை எடுக்கிறபோது நம்மை நம்பி வீட்டுக்காரர் கடைக்கு வருகிறார். எந்தப் பிளைவுட் நல்லது, எந்தப் பூட்டு நல்லது என்று நம் முகத்தைத்தான் பார்க்கிறார். கடைக்காரரும் நம் முகத்தைத்தான் பார்க்கிறார். பில்லில் நூற்றுக்கு இவ்வளவு என்று நமக்கு வருகிறது.

வாங்கலாம் என்கிறவர்களுடைய நியாயங்களையும் தள்ளிவிடாமல் கேட்போம். "கடைக்காரர் தன் லாபத்திலிருந்து தருகிறார், வீட்டுக்காரருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். "வீட்டுக்காரர் கூலியை அடிமாட்டு விலைக்குப் பேசுகிறார், இதுவும் இல்லாவிட்டால் வயிறு எப்படி நிறையும்?" என்கிறார்கள். "நான் வாங்காவிட்டால் அந்தப் பணம் கடைக்காரரிடமே தங்கிவிடும்" என்கிறார்கள். மூன்றாவதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவதில் நிறையவே உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். முதலாவதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடைக்காரர் தனக்கு நஷ்டம் வரப் பார்ப்பாரா? அது விலையில் ஏறித்தான் இருக்கும்.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கவர் வாங்கின மறுநிமிஷமே நம் நாக்கு நம்முடையதாக இருக்காது. ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு உரிய முத்திரை. ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு உரியது. சமையலறையில் தொட்டிக்கு அடியில் எது வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஆனால் கமிஷன் எதில் அதிகமோ அதைத்தான் வாய் நல்லது என்று சொல்லும். சாதாரணப் பலகையைப் போட்டு மேலே மைக்காவை ஒட்டிவிட்டால் உள்ளே என்ன என்று யாருக்குத் தெரியும்? வெள்ளையடிக்கப்பட்ட கல்லறையைப் பற்றி ஆண்டவர் சொன்னாரே (மத். 23:27), அது நம்முடைய தொழிலுக்கும் நன்றாகப் பொருந்தும். தொட்டியின் கசிவு ஓரத்தில் இறங்க இறங்க பலகை ஊதி, மைக்கா விட்டுக்கொண்டு வரும். அப்பொழுது அந்த வீட்டு அம்மா, "ஜெபிக்கிற ஆளுன்னு நம்பித்தானே வேலை கொடுத்தோம்" என்று சொன்னால், தூஷிக்கப்படுவது நம் பெயர் மட்டுமா?

ஆகவே தம்பிக்கு ஒரு அளவுகோல் தருகிறேன். அந்தப் பணத்தை வீட்டுக்காரர் முன்னிலையில் வாங்க முடியுமா? "சார், கடையில எனக்கு இவ்வளவு தாறாங்க" என்று அவரிடம் சொல்ல முடியுமா? சொல்லி, அவர் சம்மதித்தால் அது கூலியில் சேர்ந்தது. சொல்ல முடியாவிட்டால் அது களவில் சேர்ந்தது. பணம் ஒன்றுதான், கவரும் ஒன்றுதான். மறைவு ஒன்றே அதைப் பாவமாக்குகிறது. பசை டப்பாவுக்குள் கம்பெனிக்காரர் வைக்கிற கூப்பனுக்கும் இதே அளவுகோல்தான். வேலைக்கு ஏற்ற பசையை வாங்கி, அதில் வந்த கூப்பனைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கூப்பனுக்காகவே பசையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இன்னும் நல்ல வழி ஒன்றும் உண்டு. "எனக்குத் தருகிறதை பில்லிலேயே கழித்துவிடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடு. வீட்டுக்காரரிடம் உன் கூலியை நிமிர்ந்து கேள். குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டு மறைவாய் ஈடுகட்டுவதைவிட, நியாயமான கூலியை வெளிச்சத்தில் கேட்பது தேவபிள்ளைக்கு அழகு.

"தசமபாகம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆகாது. கொள்ளையிட்ட பொருளில் வருகிற பலியைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று ஏசாயா 61-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிப் பழகினவர்களுக்கும் வழி அடைபடவில்லை. சகேயு என்ன செய்தான்? இயேசு வீட்டுக்குள் வந்தபோது எழுந்து நின்று, திருப்பித் தருகிறேன் என்றான். யாரிடத்தில் எடுத்தோமோ அவரிடத்தில் திருப்பிக் கொடுப்பதுதான் சுவிசேஷம் காட்டுகிற வழி.

நான்காம் படி: கைக்குக் கீழே வந்தவர்கள்

உளியும் மரமும் பணமும் நம்பி ஒப்புவிக்கப்பட்ட பிறகு, கடைசியாக மனுஷர் ஒப்புவிக்கப்படுகிறார்கள். நாலு ஆசாரி, இரண்டு கையாள், அவர்கள் வீட்டு அடுப்பு எல்லாம் நம் சனிக்கிழமைச் சம்பளத்தைப் பார்த்திருக்கிறது. ஏழைக் கூலிக்காரனின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம் (உபா. 24:14-15). "பார்ட்டி இன்னும் பணம் தரல" என்று பையனைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து கைகளை உயர்த்தினால், அந்த ஆராதனை எவ்வளவு தூரம் போகும்?

கூலி மட்டும் போதாது. தேவன் பெசலெயேலை ஆவியினால் நிரப்பினார், மரத்தில் சித்திர வேலை செய்ய ஞானம் கொடுத்தார் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். யாத்திராகமம் 35:34-ஐயும் சேர்த்து வாசியுங்கள். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற வரத்தையும் அவனுக்கும் அகோலியாபுக்கும் கொடுத்தார். பையன் கற்றுக்கொண்டால் நாளைக்குப் போட்டியாக வந்துவிடுவானே என்று மூன்று வருஷம் மரம் சுமக்க மட்டும் விடுகிற மேஸ்திரிமார் உண்டு. கழுந்துக்குக் கோடு போடுகிறபோது, "நீ போய் டீ வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். இதுவும் ஒரு களவுதான். அவன் குறைந்த கூலிக்கு வருவதே கற்றுக்கொள்ளத்தான். கற்றுக்கொடுக்காவிட்டால் அவன் கூலியில் பாதியை நாம் எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

அவன் சரீரமும் நம் பொறுப்பு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளை மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்து 1995-ல் அறிக்கை வெளியிட்டது. மூக்கின் உள்ளறைகளைத் தாக்குகிற புற்று அது. மெஷினில் அறுக்கிற பையனுக்கு முகமூடி வாங்கிக் கொடுப்பது அனாவசியச் செலவல்ல. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி குற்றம். நம் சபைப் பிள்ளையாயிருந்தாலும் முதலில் பள்ளிக்கூடம் போகட்டும். 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தச்சரும் பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்புக்கும் விபத்துக்கும் முதுமைக்கும் அதில் உதவி உண்டு. ஒரு நாள் வேலையை விட்டு உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதிவு செய்துவிடுங்கள். அதுவும் ஊழியம்தான்.

வீடு கட்டுகிற விசுவாசிகளுக்கு

தச்சருக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பட்சபாதமாகிவிடும். ஆலயத்தைப் பழுது பார்த்த யோசியாவுக்கு ஒரு குமாரன் இருந்தான், யோயாக்கீம். அவனும் கட்டினான். விசாலமான மேலறைகள், கேதுரு மரப் பலகைகள், சிவப்புச் சாயம், ஒன்றிலும் குறைவில்லை. ஆனால் வேலை வாங்கிக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா 22-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவனுக்கு ஐயோ என்கிறார். தகப்பன் நாளில் கணக்குக் கேட்கப்படாத தச்சர்கள் இருந்தார்கள். மகன் நாளில் கூலி கிடைக்காத தச்சர்கள் இருந்தார்கள். ஒரே தலைமுறையில் எவ்வளவு வித்தியாசம்!

"நம்ம சபைக்காரர்தானே, கொஞ்சம் குறைச்சுக்கோங்க பிரதர்" என்கிறோம். சாந்து வேலைக்கும் டைல்ஸுக்கும் சொன்னபடி கொடுத்துவிட்டு, கடைசியில் வருகிற தச்சனிடம், "பால் காய்ச்சட்டும், பார்க்கலாம்" என்கிறோம். கிரகப்பிரவேச ஜெபத்தில் அவனும் நின்று ஆமென் சொல்லுகிறான். அவன் வீட்டில் பால் வாங்கக் காசில்லை. குறுக்குப் பேரம் பேசிப் பேசி உண்மையுள்ளவனையும் கவர் வாங்கத் தள்ளிவிடுகிறோம். அந்தக் கவரில் நமக்கும் பங்கு உண்டு. சபைக்கு மரவேலை செய்ய வருகிறவர் மனமுவந்து இலவசமாய்ச் செய்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் இலவசம் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. யோவாஸும் யோசியாவும் கர்த்தருடைய வீட்டு வேலைக்கே கூலி கொடுத்துத்தான் செய்வித்தார்கள்.

உண்மையாயிருந்தால் முன்னேறலாமா?

வாலிபர்கள் கேட்கிற கடைசிக் கேள்வி இது. நான் பூசி மெழுகிச் சொல்ல விரும்பவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய வீட்டு வேலையில், பில்லைக் கூட்டி எழுதித் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அது திரும்பி வரவேயில்லை. அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் நெருக்கடிதான். இப்படி விட்டால் அப்படி வரும் என்று கணக்குப் போட்டு உண்மையாயிருந்தால், அதுவும் ஒரு வியாபாரமாகிவிடும் அல்லவா?

ஆனாலும் ஒன்று சொல்லுவேன். இன்று கதவு கம்பெனியில் அழுத்தி வருகிறது, அலமாரி அளவெடுத்து மெஷினில் அறுத்து வருகிறது. கைவேலையின் இடம் குறைந்துகொண்டே வருகிறது. தம்பிமாரே, வரைபடம் பார்க்கவும் புது மெஷின்களில் வேலை செய்யவும் கற்றுக்கொள்ளுங்கள், பின்தங்க வேண்டாம். ஆனால் எந்த மெஷினாலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், சாவியை நம் கையில் தந்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே அலமாரி, அதில் நகை. அந்தச் சாவி மெஷினுக்குக் கொடுக்கப்படுகிறதில்லை.

எழுப்புதலுக்காக ஜெபிக்கிற நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யோசியாவின் நாட்களில் எழுப்புதல் எங்கே தொடங்கினது? கணக்குக் கேட்க வேண்டியிராத மனுஷரை நம்பி ஆலயத்துப் பழுது பார்க்கிற வேலை ஒப்புவிக்கப்பட்டது. அந்தக் காலத்தில்தான் பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுத்தான் (2 இராஜா. 22:8). ராஜா வஸ்திரத்தைக் கிழித்தான், தேசம் திரும்பிற்று. உண்மையான மராமத்து வேலைக்கும் எழுப்புதலுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

நாசரேத்தூர் தச்சன்

"தச்சு வேலை பார்க்கிற பையன்" என்றால் பெண் கொடுக்க நம் சபைக் குடும்பங்களே தயங்குகின்றன. நாசரேத்தூராரும் அப்படித்தான் நம் ஆண்டவரைத் தச்சன் என்று சொல்லி இடறலடைந்தார்கள் (மாற். 6:3). அவர் ஏர்களையும் நுகங்களையும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாக மரித்த யுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். நுகம் செதுக்குகிறவனுக்குத் தெரியும், அது எருதின் கழுத்தில் உரசாமல் உட்கார எவ்வளவு பொறுமையாய் இழைக்க வேண்டும் என்று. எருது வந்து கணக்குக் கேட்காது. கழுத்துப் புண்ணானாலும் வாய் திறந்து சொல்லாது. கேட்க முடியாதவருக்கும் உண்மையாய்ச் செய்வதுதான் அந்தத் தொழில்.

ஏறக்குறைய முப்பது வயதில் அவர் யோர்தானுக்கு வந்தார். அதுவரை ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு அற்புதமும் செய்யவில்லை. அப்பொழுதே பிதா அவர்மேல் பிரியமாயிருப்பதாக வானத்திலிருந்து சாட்சி கொடுத்தார். பட்டறையில் கழிந்த அந்த வருஷங்களும் அந்தப் பிரியத்துக்குள் இருந்தன.

தேவபிள்ளையே, நீ இன்று மரச்சுருள் கூட்டுகிற கையாளாக இருக்கலாம், பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவராக இருக்கலாம். மனுஷர் உன்னிடம் கணக்குக் கேட்காமல் விடலாம். கேட்கிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு முன்பாக மைக்காவுக்கு அடியில் இருப்பதும் வெளியரங்கமாயிருக்கிறது. அந்த நாளில் வெட்கப்படாமல் நிற்கிறவனே உயர்த்தப்பட்டவன்.

ஜெபிப்போம். எங்கள் பரம தகப்பனே, எங்கள் கையில் அடுத்தவருடைய உளியும் மரமும் பணமும் பிள்ளைகளும் இருக்கிறதை நினைக்கிறோம். ஒருவரும் பாராத இடத்திலும் ஒரு நூலும் பிசகாமல் நடக்க உம்முடைய ஆவியானவரால் எங்களைப் பெலப்படுத்தும். கூலியை நிறுத்தி வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே கொடுத்துத் தீர்க்கக் கிருபை தாரும். தச்சனாய் எங்கள் நடுவில் வாழ்ந்த இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.